'பிசென் படகு' என்றொரு கத்தி

வீடியோ கேம்களில் வரும் ஜப்பானியக் கத்திகளைப் பற்றி இந்த இழையில் மசாமுனே, முராமசா என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்ததும் எனக்கும் கை பரபரக்கிறது. என் கதை ஒரு படகில் தொடங்குகிறது, கொஞ்சம் நீளும்.

கல்லூரி மூன்றாம் ஆண்டு. விடுதியில் நண்பனின் கணினியில் எமுலேட்டர் (பழைய கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) போட்டு ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் என்ற கேமை ஆடிக்கொண்டிருந்தோம், 1997-ல் ஜப்பானில் வந்து அடுத்த வருடம் ஆங்கிலத்துக்குப் போன பழைய பதிப்பு. அதில் நம் வீரர்களுக்குக் கொடுக்கும் வேலைகளில் சாமுராய் என்று ஒன்று உண்டு. கையிலிருக்கும் கத்தியால் வெட்டுவது அவனுக்குப் பெரிய விஷயமில்லை, பையில் இருக்கும் கத்திகளை உருவி, அவற்றுக்குள் இருக்கும் ஆவியை வெளியே கொண்டுவருவதுதான் அவனுடைய வித்தை. உருவும்போது சில சமயம் கத்தி உடைந்தே போய்விடும். அப்படி உருவும் கத்திகளில் ஒன்றின் பெயர் 'பிசென் போட்'. எதிரியின் எம்.பி.யை, அதாவது மந்திரம் போடத் தேவையான சக்தியை, கரைக்கும் கத்தி. கத்திக்கு ஏன் படகு என்று பெயர்? கடற்கொள்ளைக்காரன் கத்தியாக இருக்கும் என்றான் நண்பன், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்து வேலை என்னை ஒசாகாவுக்குக் கொண்டுபோனது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரரிடம் பேச்சு கேம் பக்கம் போக, இந்தப் படகு ஞாபகம் வந்து கேட்டேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் டிஷ்யூ பேப்பரில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினார். முதல் எழுத்துக்கு 'நீளம்' என்று பொருள், இரண்டாவதற்குப் 'படகு'. சேர்த்துப் படித்தால் ஒசாஃபுனே. "இது படகு இல்லை, ஊர்" என்றார். மொழிபெயர்த்தவர் ஊர்ப் பெயரைப் பிளந்து பாதியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்! பிசென் என்பது பழைய மாகாணத்தின் பெயர், இன்றைய ஒகாயாமா மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. அந்த மாகாணத்தில் யோஷீ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்தான் ஒசாஃபுனே. ஜப்பானில் தேசியச் செல்வம் என்று அறிவித்திருக்கும் வாள்களில் கிட்டத்தட்டப் பாதி பிசென் மாகாணத்தில் அடித்தவை. மலையிலிருந்து இரும்பு மணல், உலைக்குச் செம்பைன் மரக்கரி, சரக்கை ஏற்றியிறக்க ஆறு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தலைமுறை தலைமுறையாகக் கொல்லர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1590 வாக்கில் அதே ஆறு வெள்ளமாக வந்து அந்தப் பட்டறைகளை அழித்துவிட்டது என்பதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

ஒரு நீண்ட விடுமுறையில் கிளம்பிவிட்டேன். ஒகாயாமாவிலிருந்து ஆகோ லைன் ரயில், ஒசாஃபுனே என்றே ஒரு நிலையம். அங்கே வாள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கத்திலேயே பட்டறை. மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய முறையில் இரும்பு அடிப்பதைக் காட்டுவார்கள், நான் போனது அந்த ஞாயிறு. உலையிலிருந்து எடுத்த இரும்பை வைக்கோல் சாம்பலில் புரட்டி, அதன்மேல் களிமண் கரைத்த தண்ணீரை ஊற்றுகிறார் கொல்லர். திரும்ப உலை. திரும்ப வெளியே. எதிரில் பெரிய சம்மட்டியோடு உதவியாளர் காத்திருக்கிறார். கொல்லர் தன் சின்னச் சுத்தியலால் 'டிங்' என்று ஒரு தட்டு, உடனே எதிரிலிருந்து 'டம்' என்று சம்மட்டி. பேச்சே கிடையாது, எங்கே அடிக்கணும், எப்போது நிறுத்தணும் எல்லாம் அந்தச் சின்னத் தட்டிலேயே இருக்கிறது. பொறி பறந்து முன்வரிசைக்காரர்கள் காலடி வரைக்கும் வந்து விழுந்தது. இப்படி மாறி மாறி அடிப்பதற்கு ஐசுச்சி என்று பெயர். ஜப்பானியர்கள் நாம் பேசும்போது நடு நடுவே 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டுவார்களே, அதற்கும் அதே ஐசுச்சிதான் பெயர், கொல்லுப்பட்டறையிலிருந்து பேச்சுக்கு வந்த சொல். நாமும் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோம் என்றுதானே சொல்கிறோம்? கொட்டுவதும் அடிப்பதுதான். பட்டறை வாசலில் நின்று இதை நினைத்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

முராமசா சபிக்கப்பட்ட கத்தி என்று இதே இழையில் ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கு ஒன்று சொல்லணும். முராமசா முதலில் ஒரு மனிதர், இசே மாகாணத்தின் குவானாவில் இருந்த கொல்லர், அந்தப் பெயரிலேயே அடுத்தடுத்த தலைமுறையும் கத்தி அடித்தது. பின்னாளில் ஷோகுனாகி ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசுவின் தாத்தா 1535-ல் வெட்டுப்பட்டு இறந்தது முராமசாக் கத்தியால் என்று சொல்வார்கள், சாபக் கதையெல்லாம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஆனால் தொகுகாவா குடும்பத்தின் சொந்த மண்ணான மிகாவாவுக்கும் குவானாவுக்கும் நடுவில் ஒரு வளைகுடாதான். அந்தப் பக்கத்து வீரர்கள் இடுப்பில் முராமசா இருந்தது சாதாரணம், வெட்டியவனும் அதைத்தான் வைத்திருப்பான், வெட்டுப்பட்டவனும் அதைத்தான் வைத்திருப்பான். நல்ல கத்தி அடித்துக் கொடுத்த மனிதருக்கு இந்தப் பழி அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். மசாமுனே என்ற இன்னொரு கொல்லரோடு ஆற்றில் கத்தியை நட்டுவைத்துப் போட்டி போட்டதாகச் சொல்லும் கதையும் நடந்திருக்க வழியில்லை, மசாமுனே காமகுராவில் வாழ்ந்தது முராமசாவுக்குச் சுமார் இருநூறு வருடம் முன்னால்.

கேம்களில் வரும் முரசாமே வேறு, முராமசாவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எழுத்தாளர் பாகின் 1814-லிருந்து 1842 வரை எழுதிய ஹக்கென்தென் நாவலில் வரும் கற்பனை வாள். உருவினால் அலகிலிருந்து ஈரம் கசிந்து இரத்தத்தைக் கழுவிவிடுமாம்.

மசாமுனே அடித்த வாளை உயேனோவில் இருக்கும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில்தான் முதலில் பார்த்தேன். ஃபைனல் ஃபேண்டஸி 7-ன் வில்லன் செஃபிராத் கையில் ஆளைவிட நீளமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கண்ணாடிக்குள் எழுபது சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கத்தி. பக்கத்தில் ஒரு பாட்டி முழங்காலை மடக்கிக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே குனிந்தேன். விளக்கு வெளிச்சம் அலகில் சாய்ந்ததும் அதுவரை வெறும் இரும்பாக இருந்ததில் பனிமூட்டம் போல ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது, அதற்குள் மின்னும் சின்னச் சின்னப் பொடி. நிமிர்ந்தால் காணோம், குனிந்தால் இருக்கிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன். மசாமுனேயின் நீள வாள்களில் பெரும்பாலானவற்றில் அவர் கையெழுத்தே இல்லை. பின்னால் வந்தவர்கள் வாளைத் தங்கள் வசதிக்குக் கைப்பிடிப் பக்கம் வெட்டிக் குட்டையாக்கும்போது கையெழுத்து இருக்க வேண்டிய இடமும் போய்விடும். 'ஹோன்ஜோ மசாமுனே' என்பது போல வைத்திருந்தவர் பெயரும் கொல்லர் பெயரும் சேர்ந்து வாளின் பெயராவதும் உண்டு. அந்த ஹோன்ஜோ மசாமுனேயை 1945 டிசம்பரில், போர் தோற்ற பிறகு ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, தொகுகாவா குடும்பம் மெஜிரோ காவல் நிலையத்தில் கொடுத்தது. அத்தோடு சரி, இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அப்புறம், அதே டாக்டிக்ஸில் யோயிச்சி வில் என்று ஒன்று உண்டு, கியோமோரி என்று ஒரு கத்தியும் உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தேன். கியோமோரி தைரா குலத்தின் தலைவர், 1181-ல் இறந்தார். நாசு நோ யோயிச்சி எதிரிக் குலமான மினாமோதோ பக்கத்து வில்லாளி, 1185-ல் யாஷிமாவில் தைராக்கள் படகில் கட்டிவைத்த விசிறியைக் கடலுக்குள் குதிரையை இறக்கி ஒரே அம்பில் அடித்தவர். விசிறி பறந்து தண்ணீரில் விழுந்ததும், தோற்ற தைராக்களே படகின் ஓரத்தைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். ஒகாயாமாவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் தகாமத்சு, அங்கிருந்து யாஷிமா பக்கம்தான், அதையும் போய்ப் பார்த்தேன். யோயிச்சி குதிரையை நிறுத்தியதாகச் சொல்லும் பாறை இன்னும் தண்ணீரில் இருக்கிறது. கடல் இப்போது ரொம்பச் சுருங்கி ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது, நான் போனபோது பாறைமேல் ஒரு கொக்கு நின்றது.

ஊருக்கு வந்தபோது நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். 2007-ல் பி.எஸ்.பி. என்ற கையடக்க கேம் கருவிக்கு வந்த பதிப்பைத் தேடிப் பிடித்து இருவரும் திரும்ப ஆடினோம். அதில் மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள், படகைக் காணோம், அந்த இடத்தில் 'ஒசாஃபுனே' என்றே இருந்தது. மூன்றாவது சண்டையில் நண்பன் அதை உருவினான், உடைந்துவிட்டது. "டேய், அது அவங்க ஊருடா" என்றேன். உடனே அடுத்த ஊர்க் கடைக்குப் போய் இரண்டு வாங்கி வைத்தான்.

டாக்டிக்ஸில் கடைசியாகக் கிடைக்கும் கத்தி சிரிஜிராதென். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை விவரமாகத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.