மாயப்பள்ளி கட்டும் சிமுலேஷன்: டெமோவைத் தொட்டவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள், கோளாறு எங்கே?

கோபுரவாசி

கோடோ 4 என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில், மேலிருந்து பார்க்கும் 2டி ஆட்டம். வரைபடம் 64×64 கட்டம். சுவரும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும். சுவர் எழுப்பி, கதவு வைத்து, உள்ளே மருந்து காய்ச்சும் கொப்பரையோ கட்டிலோ போட்டால் அது மருந்து வகுப்பா விடுதியா என்று அறை தானாகவே முடிவாகும். ஆட்டம் 6 மாணவர்களுடன் தொடங்கி 60 வரை போகும்.

டெமோ விளையாடியவர்களின் முதல் அபிப்பிராயம் மூன்று விஷயங்களில் அடிவாங்குகிறது.

ஒன்று, 60 மாணவர்கள் இருக்கும்போது சுவர் வைத்தால் படம் ஒரு கணம் உறைகிறது. வழித்தேடலுக்கு ஏ-ஸ்டார் கிரிட் 2டி (கட்டங்களுக்கு நடுவே செலவு குறைந்த வழியைத் தேடித்தரும் கோடோவின் கருவி). ஒவ்வொரு சுவருக்கும் அதன் அப்டேட் என்ற கட்டளையைக் கூப்பிட்டு, எல்லாச் சுவர்களையும் மறுபடி பதிந்து, எல்லா மாணவர்களுக்கும் புது வழி கேட்கிறேன். எது எது அறை என்பதையும் வரைபடம் முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்கிறேன்.

இரண்டு, மணி அடித்ததும் எல்லாரும் ஒரே கதவில் அடைக்கிறார்கள். நெரிசலான கட்டத்துக்கு எடை (நடக்கும் செலவின் மடங்கு) 5 கொடுத்தாலும் பக்கத்துத் தாழ்வாரம் காலியாகவே கிடக்கிறது. வேகத்துக்காக, இடைக் கட்டங்களைத் தாண்டித் தேடும் ஜம்பிங் வசதியை இயக்கி வைத்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் புரியவில்லை. தொடக்கத்தில் "மாயம் எங்கே?" என்று கேட்கிறார்கள், பிறகு "எந்நேரமும் ஏதாவது வெடிக்கிறது" என்கிறார்கள். ஒரு மாணவருக்கு ஒரு வகுப்பில் மந்திரம் பிசகும் வாய்ப்பு 2%, நாளுக்கு 4 வகுப்பு. 22 அறை வகைகளும் முதலிலிருந்தே திறந்திருக்கும். தொடக்கப் பணம் 1000. வகுப்பறை 400, விடுதி 300, உணவுக்கூடம் 250. ஆசிரியருக்கு வாரம் 60. மாணவர் கட்டணம் தலைக்கு 50, நான்கு வாரப் பருவம் முடிந்ததும் வரும்.

கட்டமும்_சுவரும்

முதல் இரண்டுக்கும் காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

கட்டத்தின் அளவு, பரப்பு மாதிரி அடிப்படை அமைப்பை மாற்றினால்தான் அப்டேட் தேவை. அது ஓடினால் திடக் கட்டங்கள் (நடக்க முடியாதவை), எடைகள் எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் சுவர்களை மறுபடி பதிய வேண்டிவருகிறது. ஒரு சுவருக்கு, அந்தக் கட்டத்தைத் திடமாக்கும் செட் பாயின்ட் சாலிட் கட்டளை ஒன்றே போதும், அதற்குப் பின் அப்டேட் வேண்டாம். இதை மட்டும் எடுத்தாலே உறைவு ஓரளவு குறையும்.

மீதிக்குக் காரணம், 60 பேரும் ஒரே ஃபிரேமில் (திரையில் மாறிவரும் ஒரு படத்தின் நேரத்தில்) வழி கேட்பது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். புதுச் சுவர் யாருடைய வழியில் விழுகிறதோ அவர்களை மட்டும் வரிசையில் போட்டு, ஃபிரேமுக்கு 4 பேருக்கு வழி கொடுங்கள். 60 பேருமே மாட்டினாலும் 15 ஃபிரேமில், அதாவது கால் நொடியில், முடிந்துவிடும். முறை வரும்வரை பழைய வழியிலேயே நடக்கட்டும். அடுத்த கட்டம் சுவராகிவிட்டால் மட்டும் நிற்கட்டும்.

அறை கண்டுபிடிப்புக்கும் முழு வரைபடம் வேண்டாம். புதுச் சுவரின் ஒரு பக்கத்துக் கட்டத்திலிருந்து பரவத் தொடங்குங்கள். மறுபக்கத்தை எட்டிவிட்டால் அறை பிரியவில்லை, அங்கேயே நிறுத்தலாம். எட்டாவிட்டால் பரவிய பகுதிக்குப் புது அறை எண். பரவும்போது கதவையும் சுவராகவே எண்ணுங்கள், இல்லாவிட்டால் விடுதியும் தாழ்வாரமும் ஒரே அறையாகிவிடும்.

எடை வேலை செய்யாததற்குக் காரணம் ஜம்பிங். ஏ-ஸ்டார் கிரிட் 2டி-யில் அதை இயக்கினால் எடைகள் கணக்கிலேயே வராது. அணைத்துவிடுங்கள். அதோடு மூலைவிட்ட நகர்வை 'தடை இல்லாதபோது மட்டும்' என்று வையுங்கள், இல்லாவிட்டால் சுவர் மூலையை வெட்டிக்கொண்டு நடப்பார்கள். டெமோவில் முதலில் கண்ணை உறுத்துவது அதுதான்.

சீட்டுக்கட்டு

எடையைச் சரிசெய்தாலும் கதவு நெரிசல் போகாது, அது கொள்ளளவுப் பிரச்சினை. நடை வேகம் நொடிக்கு 2 கட்டம், ஆளுக்கு ஆள் 1 கட்டம் இடைவெளி என்று வைத்தால் ஒரு கட்டக் கதவில் நொடிக்கு 2 பேர். 60 பேர் கடக்க 30 நொடி. வகுப்பு 90 நொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு கதவிலேயே போச்சு. இரண்டு கட்ட அகலக் கதவை முதலிலேயே கொடுங்க. மாணவர்களை இல்லங்களாக (குழுக்களாக) பிரிச்சு, ஒவ்வொன்றுக்கும் தனி மணி வைங்க: நாலு இல்லம், ஒவ்வொன்றுக்கும் 8 நொடி வித்தியாசம். 15 பேர் கடக்க ஏழரை நொடிதான் ஆகும். கால அட்டவணை போடுவது ஆட்டக்காரர் கைக்கு ஒரு வேலையாகவும் ஆகிவிடும்.

இப்ப மூன்றாவது. 2% ஒரு நிலையான எண் மாதிரி தெரியுது, ஆனா ஆட்டக்காரர் பார்ப்பது பள்ளி முழுக்க எத்தனை விபத்து என்பதை. 6 மாணவர், 4 வகுப்பு, 2%: நாளுக்கு 0.48. இரண்டு நாளுக்கு ஒன்றுகூட நிச்சயமில்லை. 60 பேருக்கு அதே கணக்கு 4.8. நீங்க கேட்ட இரண்டு புகாரும் ஒரே எண்ணிலிருந்து வந்தவை.

தலைக்குத் தலை பகடை உருட்டாதீங்க. பள்ளிக்குப் பொதுவா ஒரு பிசகு அளவி வைங்க. வகுப்பு நடக்க நடக்க அது ஏறணும், நிரம்பினா ஒரு விபத்து, பிறகு பூஜ்யம். 6 பேருக்கு நாளுக்கு 1, 30 பேருக்கு 2, 60 பேருக்கு 3 வருகிற மாதிரி நிரம்பும் எல்லையை உயர்த்துங்க. பகடையை யாருக்கு நடக்குது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க: களைப்பான மாணவர், தரம் குறைந்த கொப்பரை, புது ஆசிரியர். அப்போதான் "ஏன் வெடிச்சுது?" என்பதற்குப் பதில் இருக்கும். முதல் விபத்தை மட்டும் கையால் எழுதுங்க: ஐந்து நிமிடத்துக்குள், சேதமில்லாமல், வேடிக்கையாக. ஒரு மாணவர் தவளையாகி வகுப்புக்குள் தத்தித் திரிந்தால் போதும்.

22 அறை மெனுவை மூடுங்க. ஸ்பெல்காஸ்டர் யுனிவர்சிட்டி (2021) என்ற மாயப்பள்ளி ஆட்டம் அறைகளைச் சீட்டுகளாக எடுக்க வைத்தது. ஒரு நேரத்தில் சில தேர்வுகள்தான் கண்முன் இருக்கும், புதியவர் திணறமாட்டார்.

படியேறி

சீட்டு யோசனையில் எனக்கு உடன்பாடு பாதிதான். எந்த அறை வரும் என்பது அதிர்ஷ்டம் என்றானால், விடுதி வராமல் மாணவர்கள் வெறுந்தரையில் தூங்கும் நிலை வரலாம். முதல் அபிப்பிராயத்துக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. விடுதி, உணவுக்கூடம், பொது வகுப்பறை மூன்றும் எப்போதும் கையில் இருக்கட்டும். மாய அறைகளுக்கான பொருட்கள் வேண்டுமானால் சீட்டில் வரட்டும். மேலும் இந்த ஆட்டத்தில் அறையை ஆட்டக்காரரே சுவர் வைத்து வரைகிறார். தயார் அறைகளைச் சீட்டாகக் கொடுப்பது அந்தச் சுகத்தைக் கெடுக்கும். பொருட்களைத்தான் சீட்டாக்க வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று: உங்கள் பணக்கணக்கு முதல் வாரமே திவாலாகிறது. மூன்று அறைகளுக்கு 950 போனால் மீதி 50. முதல் சம்பளம் 60. நான்காவது வாரம் 190 கடன், அதன் பிறகுதான் 300 கட்டணம் வருகிறது. அதாவது நீங்கள் சொன்னபடியே கட்டியவர் எதுவும் தப்பாகச் செய்யாமலேயே பருவம் முழுக்கச் சிவப்பு எண்ணைப் பார்க்கிறார். கட்டணத்தில் பாதியைச் சேர்க்கையிலேயே வாங்குங்கள்: 50 + 150 = 200. மூன்று சம்பளம் போய் 20 மிஞ்சும். நான்காவது வார இறுதியில் மீதி 150 முதலில் வரவாகி, பிறகு சம்பளம் கழிய வேண்டும். நிரலில் இந்த வரிசை மாறினால் ஒரு ஃபிரேமுக்கு இருப்பு −40 ஆகும், 'கடன்' அறிவிப்பு பாய்ந்து வரும், அடுத்த ஃபிரேமில் பணம் இருக்கும். ஆட்டக்காரர் இதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட.

ஸ்டீம் என்ற ஆட்ட விற்பனைத் தளத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதை மனதில் வையுங்கள். பள்ளியின் தனித்துவமான மாயம், அது எதுவானாலும், அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். டூ பாயின்ட் கேம்பஸ் (2022) என்ற கல்லூரி கட்டும் ஆட்டத்தில் மாணவர்கள் வருவதற்கு முன் கோடை விடுமுறை என்று கட்டுவதற்கென்றே ஒரு இடைவெளி இருக்கும். அதுபோல 'பள்ளியைத் திற' பொத்தானை அழுத்தும்வரை சம்பளக் கடிகாரம் ஓடக் கூடாது.

மாணவரைச் சொடுக்கினால் 'மகிழ்ச்சி 43' என்று காட்டுகிறீர்களா? அந்த எண்ணுக்குப் பதில், அதிகம் இழுத்துவிட்ட காரணம் ஒன்றை எழுதுங்கள்: "உணவுக்கூடம் 31 கட்டம் தள்ளி இருக்கிறது". அந்த வரியை அழுத்தினால் கேமரா அங்கே போகட்டும். அடுத்து என்ன கட்டுவது என்ற கேள்விக்குத் தனி டுடோரியல் வேண்டியிருக்காது.

கோபுரவாசி

ஜம்பிங்கை அணைத்ததும் பக்கத்துத் தாழ்வாரம் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. நன்றி. இரண்டு மணி நேரத்துக்குள் காட்டவேண்டிய மாயம் என்று நான் நினைப்பது மாயக்கதவுகள்: ஒன்றில் நுழைந்தால் வரைபடத்தின் வேறு மூலையில் வெளிவருவது. ஏ-ஸ்டார் கிரிட்டில் தூரக் கட்டங்களை இணைக்க வழியில்லை என்பதால், எந்த இரு புள்ளிகளையும் நாமே இணைக்கக்கூடிய ஏ-ஸ்டார் 2டி-யில் சோதித்தேன். இணைப்பு இருக்கிறது, ஆனால் ஒருவரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

கட்டமும்_சுவரும்

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஏ-ஸ்டார் 2டி-யில் இரு புள்ளிகளுக்கு இடையிலான செலவு, நீங்கள் மாற்றாதவரை, நேர்க்கோட்டுத் தூரம். 50 கட்டம் தள்ளியுள்ள கதவை இணைத்தால் அந்தத் தாவலுக்கும் 50 செலவு, அப்புறம் கதவுவரை நடக்கும் செலவு வேறு. அந்தச் செலவைக் கணக்கிடும் கம்ப்யூட் காஸ்ட்டை உங்கள் நிரலால் மேலெழுதி மாயக்கதவு ஜோடிக்கு 1 என்று திருப்பி அனுப்புங்கள்.

அதோடு நின்றால் சில வழிகள் மட்டும் சரியாகும். மீதமுள்ள தூரத்தை ஊகிக்கும் எஸ்டிமேட் காஸ்ட்டும் நேர்க்கோட்டுத் தூரத்தைத்தான் தருகிறது. ஊகம் உண்மைச் செலவைவிட அதிகமாகக்கூடாது என்பது ஏ-ஸ்டாரின் அடிப்படை விதி, மாயக்கதவு அதை உடைக்கிறது. இலக்குக்கு எதிர்த்திசையில் இருக்கும் கதவைத் தேடலே சீண்டாது. ஊகத்தைப் பூஜ்யமாக்கினால் சரியான வழி வரும், ஆனால் தேடல் வட்டமாகப் பரவும். 4096 புள்ளிகளில் ஒவ்வொரு அண்டைப் புள்ளிக்கும் அந்த நிரலைக் கூப்பிட்டால், 60 பேருக்கு அது கனக்கும்.

அதனால் இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். மேல் அடுக்கில் கதவுகளும் மாயக்கதவுகளும் மட்டும் புள்ளிகள், பள்ளி முழுக்க எண்ணினாலும் சில டஜன்தான், அங்கே பூஜ்ய ஊகம் தாராளமாக ஓடும். ஒரே அறையின் கதவுகளுக்கு இடையிலான செலவாக நடைத்தூரத்தைக் கொடுங்கள். ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நடக்க இப்போதுள்ள ஏ-ஸ்டார் கிரிட் போதும். சுவர் மாறும்போது அந்த அறையின் கதவு ஜோடிகளை மட்டும் மறுபடி அளந்தால் போதும். கதவு நெரிசலையும் மேல் அடுக்கிலேயே செலவாகச் சேர்க்கலாம்: வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் 1. நொடிக்கு 2 கட்டம் நடப்பவருக்கு அரை நொடிக் காத்திருப்பு ஒரு கட்ட நடைக்குச் சமம்.