சுவரொட்டிக் கொலாஜில் பூஞ்சை: வழி சொல்லுங்கள்

1949 முதல் பாரிஸ் தெருக்களில் கிழிந்த சுவரொட்டிகளைப் பெயர்த்தெடுத்துக் கலையாக்கிய பிரெஞ்சுக் கலைஞர் ழாக் வில்லெக்லேயின் வழியில், சென்னைச் சுவர்களிலிருந்து மைதாப் பசையோடு அடுக்கடுக்காக உரித்தெடுத்த சினிமா, அரசியல் சுவரொட்டிகளைக் கொண்டு நான் கொலாஜ் (ஒட்டுச் சித்திரம்) செய்கிறேன். நான்கடிக்கு மூன்றடி பிளைவுட்டில் பி.வி.ஏ. பசையால் (வெள்ளை மரப்பசை) ஒட்டி, மேலே அக்ரிலிக் வார்னிஷ் பூசி, கடந்த ஆகஸ்டில் முடித்த படைப்பில், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வார்னிஷுக்கு அடியில் கரும்புள்ளிகள் பரவுகின்றன. ஓரங்கள் மேலெழுகின்றன, புளித்த வாடையும் வருகிறது.

மென்தூரிகையால் துடைத்தேன், மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன், பின்புறம் கற்பூரம் வைத்தேன், பலனில்லை. ஓரத்தில் தடவிய ஸ்பிரிட்டால் வார்னிஷ் இளகியதால் அதை நிறுத்திவிட்டேன். பழைய மைதாவைக் கழுவிவிடச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அடுக்குகள்தாம் இப்படைப்பின் உயிர்.

மையும் அடுக்குகளும் சிதையாமல், வார்னிஷுக்கு அடியிலுள்ள பூஞ்சையை அழிக்க என்ன செய்யலாம்?