அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்கார் சார்ஜ்: சங்கம் மறுக்கிறது, என்ன செய்வது?

கேள்வி

சேலம் அழகாபுரத்தில் 24 வீடுகள் உள்ள குடியிருப்பில் வசிக்கிறேன். ராசிபுரத்துக்கு வேலைக்குப் போய்வர நாள்தோறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருப்பதால், மின்காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். என் வண்டி நிறுத்துமிடம் மீட்டர் அறையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. தீப்பிடிக்கும், பொது மின்சாரம் செலவாகும் என்று சொல்லிச் சங்கத்தினர் மறுக்கிறார்கள். அவர்களது அச்சம் எனக்குப் புரிகிறது. எதைச் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைப்பது?

பதில் 1 (மின்பணியாளர், சூரமங்கலம்)

ஐயா, 60 கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது யூனிட் போதும். சாதாரண 16 ஆம்பியர் பவர் பிளக்கிலேயே மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். பெரிய சார்ஜர் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக இரவெல்லாம் சார்ஜ் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது பாக்ஸின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி, அதில் செருகியிருந்த பிளக்கின் பின்னோடு ஒட்டியிருந்தது. அயர்ன் பாக்ஸ் சில நிமிடங்கள்தான் இழுக்கும், கார் மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும் என்பதால், தளர்வான இணைப்பு எதுவாக இருந்தாலும் சூடேறியே தீரும்.

உங்கள் சொந்த மீட்டரிலிருந்து, நடுவில் ஒட்டுப் போடாத 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைக் குழாய்க்குள் கொண்டுவந்து, தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (முன்னாள் சங்கச் செயலாளர், ஃபேர்லேண்ட்ஸ்)

சொந்த மீட்டர் என்றால் பொது மின்சாரம் என்ற பேச்சே எழாது. வீட்டு இணைப்பிலிருந்து சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. காருக்கென்று தனி இணைப்புக் கேட்கவும் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில் வழி உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் விதியை நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டாரோடு நாளையும் பேச வேண்டும்.

கட்டணத்தையும் பாருங்கள். காருக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் ஆகும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால், குறைந்த கட்டண அடுக்கில் உள்ள யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும்.

எங்கள் குடியிருப்பில் கம்பி போகும் வழியை வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் கூட்டத்தில் சம்மதம் கிடைத்தது. அப்போதே எல்லா வீட்டுக் கம்பிக்கும் இடமுள்ள டிரே (கம்பிகளைத் தாங்கும் நீளத் தட்டு) போடாமல் விட்டது எங்கள் தவறு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வழியை வரைந்து, வரும் ஞாயிறு கூட்டத்தில் டிரேயையும் சேர்த்தே கேட்கிறேன். 24 வீட்டுக் கார்களும் ஒரே இரவில் சார்ஜ் ஆனால் 70 கிலோவாட்டைத் தாண்டுமே, அதற்கு எங்கள் கட்டட இணைப்பு தாங்குமா என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்துவிடுகிறேன்.