பிஎம்சி கேபிளைக் கழட்டிடலாமா?

ராக்கோவை: கம்பெனி சர்வர் ஆறு மும்பை டேட்டா சென்டர்ல, நான் கோவையில. எல்லாமே சூப்பர்மைக்ரோ கம்பெனி தயாரிப்பு. ஆடிட்டுக்கு வந்தவர் "பிஎம்சி போர்ட்டு கேபிளை எல்லாம் கழட்டுங்க, ஆபத்து"ன்னு எழுதிக் கொடுத்துட்டார். தூரத்துலேர்ந்து சர்வரை ஆன், ஆஃப் பண்ணி ஸ்க்ரீனைப் பார்க்க எனக்கு இருக்கற வழியே அந்த பிஎம்சிதான், மனசு வரல. என்ன செய்யலாம்?

கழட்டுசாமி: கழட்டுங்க. அது மதர்போர்டுக்குள்ள குடியிருக்கற தனி கம்ப்யூட்டர். சர்வரை ஆஃப் பண்ணாலும் ஸ்டாண்ட்பை கரண்ட்ல முழிச்சிட்டே இருக்கும். அதோட பேசற நெறிமுறை ஐபிஎம்ஐ, அதுல 2.0 வந்தது 2004ல. யூசர் பேர் சரியா இருந்தாப் போதும், லாகினுக்கு முன்னாடியே பாஸ்வேர்டோட ஹாஷை, அதாவது உருமாத்தின வடிவத்தைத் தூக்கிக் கொடுத்துடும். சாவியை மெழுகுல அச்செடுத்துத் திருடன் கையில கொடுக்கற கதை. ஸ்பெக்கே அப்படி, பேட்ச் எங்கேர்ந்து வரும்? ஹெச்பி சர்வரோட பிஎம்சி, ஐலோ 4 கூத்து ஞாபகம் இருக்கா? வெப் ரிக்வெஸ்ட் ஹெடர்ல 29 தடவை 'ஏ' அடிச்சா கதவு திறந்துச்சு.

நடுராத்திரி: சாமி சொல்றது அத்தனையும் நிஜம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ரீபூட் பண்ண சர்வர் திரும்பி வரலைன்னா? எனக்கு நடந்துச்சு. பிஎம்சி வழியா கன்சோலைத் திறந்தா, செட்டிங்கைக் காப்பாத்தற சிமாஸ் பேட்டரி செத்து, "தொடர எஃப்1 அழுத்தவும்"னு கறுப்புத் திரையில நிக்குது. ஒரே ஒரு கீ! பழைய ஆபீஸ்ல பிஎம்சி கிடையாது. டேட்டா சென்டர் பையன்கிட்ட "மேலேர்ந்து நாலாவது"ன்னேன். அவன் கீழேர்ந்து எண்ணி டேட்டாபேஸ் சர்வர் பட்டனை அமுக்கிட்டான். பிஎம்சி இருந்தா நீல விளக்கை மினுக்க விட்டு "இதுதான் தம்பி"ன்னு காட்டியிருப்பேன்.

கழட்டுசாமி: அதுக்கு லேபிள் ஒட்டுங்க அண்ணே. தனி மேலாண்மை நெட்வொர்க் வச்சிருந்த ஃபேஸ்புக்கே 2021 அக்டோபர் 4ல ஆறு மணி நேரம் படுத்துச்சே. அந்த வழியும் சேர்ந்து போய், ஆளைத்தான் நேர்ல அனுப்பினாங்க.

நடுராத்திரி: அவங்களுக்கு அனுப்ப ஆள் இருக்கு. ராக்குக்கு இருக்கறது கோவை–மும்பை டிக்கெட். பிஎம்சிக்கு மெயின் லைனை நம்பாம தனியா ஒரு 4ஜி ரவுட்டர் போடணும்ங்கறதுதான் அதுல நான் எடுத்துக்கறது.

இன்னொண்ணு ராக், முக்கியம். வெறுமனே கழட்டினா நிலைமை மோசமாகும். சூப்பர்மைக்ரோவுல ஃபேக்டரி செட்டிங் 'ஃபெயில்ஓவர்'. தனி போர்ட்டுல கேபிள் இல்லைன்னா பிஎம்சி சர்வரோட சாதாரண நெட்வொர்க் போர்ட்டான லேன்1க்குத் தாவிடும். உங்க லேன்1 எங்க போகுது?

ராக்கோவை: ...பப்ளிக் ஐபி, நேரா இன்டர்நெட்டுக்கு.

கழட்டுசாமி: 'டெடிகேட்டட்', அதாவது தனி போர்ட் மட்டும்னு மாத்திட்டுத்தான் கழட்டணும். முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்பு.

ராக்கோவை: பார்த்துட்டேன். ஐபிஎம்ஐடூல் கமாண்டுல ஆறுக்கு நாலு '02'ன்னு வருது, அதாவது ஃபெயில்ஓவர். '00'க்கு, அதாவது டெடிகேட்டடுக்கு மாத்தியாச்சு. கேபிளைத் தொடல. ஐபிஎம்ஐ பேசற 623 போர்ட்டை மூடிட்டு, விபிஎன் வழியா ரெட்ஃபிஷ்ங்கற புது நெறிமுறையை மட்டும் வச்சுக்கறேன். அவசரத்துக்கு அந்த 4ஜியும்.

நடுராத்திரி: போதும்.

கழட்டுசாமி: போதாது. ஒரு சர்வர்ல எவனாவது ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர் ஆயிட்டான்னு வைங்க. உள்ளேர்ந்தே பாஸ்வேர்டு இல்லாம அந்த பிஎம்சில புது யூசர் போடலாம், அதைப் பிடிச்சா பக்கத்து அஞ்சும் ஒரே நெட்வொர்க்ல கைக்கெட்டற தூரம். ஒரு பிஎம்சி இன்னொண்ணோட பேசாதபடி ஸ்விட்ச்ல போர்ட் ஐசொலேஷன் போட்டிருக்கீங்களா?

ராக்கோவை: அது எட்டு போர்ட் அன்மேனேஜ்டு ஸ்விட்ச், செட்டிங்கே கிடையாது அண்ணே. ரேக் மேல டேப் போட்டு ஒட்டியிருக்கு.