சங்கத்து அக்காவுக்குத் தேர்தல் காசு சேர்ப்பது எப்படி?

தேற்றாத்தீவுப் பிள்ளை:
எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு அக்கா. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கட்சிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, "பட்டியலில் பெண் குறையுது, அடையாள அட்டையைத் தாங்க" என்று கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. அடுத்த முறை தானே வட்டாரத்தில் இறங்கப் போகிறாராம். நாங்கள் பதினொரு பேர் மாதம் 500 ரூபாய் போட நினைக்கிறோம். சங்கக் கணக்கிலும் கொஞ்சம் கிடக்கிறது, எடுக்கலாமா? காசைக் கட்சியிடம் கொடுப்பதா, அவர் கையிலா? என் மனிசன் "தேர்தலுக்குக் காசு குடுக்கிறது ஆம்பிளையள்ர வேலை" என்று சிரிக்கிறார்.

படுவான்கரை அக்கா:
சங்கக் காசைத் தொடாதீர்கள், பிள்ளை. அதில் வேறு கட்சிக்குப் புள்ளடி போடுகிறவளின் சேமிப்பும் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே சங்கம் உடையும்.

நான் 2018இல் வட்டாரத்தில் நின்றவள். உள்ளூராட்சி சபை ஆசனங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்று வந்த முதல் தேர்தல் அது. கட்சி தந்தது ஒரு கட்டு நோட்டீஸ். தலைவர் படம் பெரிதாக, என் படம் முத்திரை அளவில். ஆட்டோ வாடகை, வீட்டுக் கூட்டத் தேத்தண்ணி, முகவர்மாரின் சோற்றுப் பார்சல் என்று ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. வாக்களிப்புக்கு மூன்று நாள் முன் மச்சாள் 10,000 ரூபாயோடு வந்தார். நல்ல மனசுதான். ஆனால் அச்சகத்தில் அப்போது வேலை எடுக்கவில்லை. அதே காசு தொடக்கத்தில் வந்திருந்தால் வீடு வீடாக இன்னொரு சுற்றுப் போயிருப்பேன். 41 வாக்கால் தோற்றேன். காப்பு மீள ஒன்றரை வருடம்.

காசு கட்சிக்கா, அக்காவுக்கா? சட்டப்படி வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் வட்டாரத்தில் நில்லாதவர்களின் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்கள் இருந்தால் போதும். வட்டாரத்தில் வென்றால் ஆசனம் அவருடையது. பட்டியலிலிருந்து யாரை எடுப்பது என்பது கட்சிச் செயலாளரின் பேனாவில் இருக்கிறது. அதனால் அவர் கையில் கொடுங்கள்.

மறுகா, ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் வரவு செலவு காட்ட வேண்டும். யார் என்று தெரியாதவரின் காசை வாங்க முடியாது. நாள், பெயர், தொகை, கையெழுத்து எல்லாம் வேண்டும். தேங்காயும் அரிசியும் தந்தால் விலை போட்டு அதையும் எழுதுங்கள்.

மனிசனிடம் கேளுங்கள்: எங்கள் மட்டக்களப்புப் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழி, வீடும் வளவும் மகளுக்குச் சீதனம், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் மட்டும் ஏன் ஆம்பிளை என்று.

சம்மாந்துறை ராத்தா:
அம்பாறைப் பக்கக் கதையையும் கேளுங்கள். 1980இல் பொத்துவில் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினராக ரங்கநாயகி பத்மநாதன் வந்தது இறந்துபோன சகோதரரின் இடத்துக்கு. 2000இல் பேரியல் அஷ்ரப் பாராளுமன்றம் போனது கணவர் மௌத்தான பிறகு. இருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு மையித்து விழாமலும் பெண் போகலாமே.

அமெரிக்காவில் 1985இல் பெண்கள் சிலர் சேர்ந்து பெண் வேட்பாளர்களுக்குக் காசு திரட்டத் தொடங்கினார்கள். பெயர் எமிலீஸ் லிஸ்ட். எமிலி ஓர் ஆள் என்றுதான் நானும் நினைத்தேன். நேரத்தோடு வரும் காசு ஈஸ்ட் மாதிரி என்ற ஆங்கில வாசகத்தின் முதல் எழுத்துகளாம் அது. மாவைப் பொங்க வைக்குமாம்.

தேற்றாத்தீவுப் பிள்ளை:
ராத்தா, அப்பமாவுக்கு என் அம்மா முதல் நாள் இரவே கள்ளு விடுவார். விடிய, சட்டி சுட்ட பிறகு விட்டு என்ன பிரயோசனம்!

கொப்பி வாங்கியாச்சு. பதினொரு பேரும் கையெழுத்து வைத்தோம். சிரித்த மனிசன் இரவு 500 ரூபாயை மேசையில் வைத்து, "என்ட பேரை மட்டும் எழுதாத" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.