திருகோணமலைக்கென்று ஒரு வணிகத் தொலைக்காட்சி: ஓடுமா?

கடல்முகவீதி:
நகரத்து வியாபாரிகள் சிலரோடு பேசிக்கொண்டிருந்த யோசனையை இங்கே வைக்கிறேன். திருகோணமலை மாவட்டத்துக்கென்று ஒரு வணிகத் தொலைக்காட்சி. பெரும்பகுதி தமிழில், பின்னேரம் ஒரு மணி நேரம் சிங்களத்தில். சக்தி 1998இல் வந்தது, வசந்தம் 2009இல் வந்தது. இரண்டும் கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் பேசுகின்றன. மூதூர் வீதி உடைந்ததற்கு அவர்கள் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் வேலை அப்படி. ஆனால் எங்கள் கடைக்காரர் அங்கே விளம்பரம் போட்டால் கொழும்புப் பக்கம் வத்தளையில் பார்க்கிறவனுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார். அவன் இங்கே வந்து சாறி எடுக்கப் போகிறானா?
1957இல் ஸ்கொட்லாந்துக்கென்று ஒரு வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் முதலாளி ரோய் தொம்சன் அதை நோட்டு அச்சடிக்கிற உரிமம் என்றே சொன்னார்.

பழைய எடிட்டர்:
தம்பி, தொம்சன் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். பிபிசியில் விளம்பரம் கிடையாது. அந்தப் பகுதியில் தொலைக்காட்சி விளம்பரம் விற்க அவரை விட்டால் ஆளில்லை. அவருக்குக் கிடைத்த லாபம் போட்டி இல்லாததால் கிடைத்தது.
நான் கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையில் நெடுங்காலம் வேலை செய்தவன். கணக்காகவே பேசுவோம். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம், ஒன்று 30 விநாடி என்றால் 24 ஸ்பொட். மாலை 6 முதல் 10 வரை 96. ஒரு கடையின் விளம்பரத்தை நாலு தடவை ஓட்டினாலும் தினமும் 24 கடை வேண்டும். தீபாவளி, பெருநாள், சித்திரை வருசத்துக்கு முன்னால் நிரம்பிவிடும். மாசி மாதத்தில் என்ன செய்வாய்?
அந்த 24 கடையும் தானாக வராது. விற்பனைப் பிள்ளை ஒருவன் கடைக்குப் போவான், தேத்தண்ணி குடிப்பான், முதலாளி வவுனியாவுக்குப் போய்விட்டார் என்பார்கள், திரும்பி வருவான். மூன்றாம் தடவை காசோலை கிடைக்கும். அது வங்கியில் திரும்பும்.
அப்புறம் மிச்ச 48 நிமிடம். இந்தியத் தொடர் போடலாம் என்று நினைக்காதே. உரிமையை நாட்டுக்கு நாடு விற்கிறார்கள், மாவட்டத்துக்கு மட்டும் வெட்டித் தர மாட்டார்கள். வீட்டில் டிஷ் இருக்கிறவன் அதே தொடரைச் சென்னையிலிருந்தே நேரே பார்த்து முடித்திருப்பான்.

தென்கடல்:
நான் உப்புவெளி. இப்போது அவுஸ்திரேலியாவில். இங்கே பிராந்திய நிலையங்கள் அந்த 48 நிமிடத்தைத் தாங்களே நிரப்புவதில்லை. சிட்னி, மெல்பன் வலையமைப்புகளின் நிகழ்ச்சியை அப்படியே எடுப்பார்கள், இடைவேளையில் தங்கள் ஊர் விளம்பரத்தைச் செருகுவார்கள். அதற்கு வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும். 2021இல் பிராந்திய நிலையங்களை நடத்துகிற வின் நிறுவனம் நைன் என்ற பெரிய வலையமைப்போடு செய்த ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு ஏறக்குறையப் பாதி.
1980களின் கடைசி வரை பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரு வணிக நிலையம்தான் இருந்தது. நல்ல காசு பார்த்தார்கள். 1989 முதல் 1992 வரை அரசாங்கம் பகுதிகளை ஒன்றாக்கி மூன்று நிலையங்களை மோதவிட்டது. பிறகு இணையம் வந்தது. 2019இல் வின் பல ஊர்ச் செய்தி அறைகளை மூடியது. ஒரேஞ்ச், டப்போ, வாகா வாகா எல்லாம் அதில் அடக்கம். 2024 ஜூன் 30ஆம் திகதி மில்டுரா என்ற ஊரில் டென் வலையமைப்பின் ஒளிபரப்பே நின்றுவிட்டது. பெரிய முதலாளிகளே கையை விரித்த இடத்தில் நாலு புடவைக்கடை சேர்ந்து என்ன செய்யும்?

கடல்முகவீதி:
அண்ணை, மில்டுராவில் போனது மூன்றாவது அலைவரிசை. செவன், நைன் வலையமைப்புகள் அங்கே இன்னும் இருக்கின்றன. எங்களுக்கு முதலாவதே இல்லை. பழைய எடிட்டர் அண்ணனுக்கும் அதே பதில்தான்: போட்டி இல்லாததுதான் லாபம் என்றால், இங்கேயும் போட்டி இல்லையே. யாழ்ப்பாணத்தில் டான் தொலைக்காட்சி நடக்கவில்லையா?

லைவ் பிள்ளை:
போட்டி இல்லை என்று யார் சொன்னது? நான் இருக்கிறேன். :)
கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கல்யாணம் எல்லாம் பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் நேரலை போடுகிறோம். ஒரு கமரா, இரண்டு போன், ஒரு றவுட்டர், ஒரு பவர் பாங்க். தேர் வடம் பிடிக்கிற நேரத்தில் சிக்னல் படுத்துவிடும் என்று முதல் நாளே போய் எந்த மூலையில் நாலு கோடு காட்டுகிறது என்று பார்த்து வைப்போம். காசு தருகிறவர் அன்றைய உபயகாரர். பாதிப் பேர் லண்டனிலும் கனடாவிலும் இருந்து பார்க்கிறார்கள். உரிமம் இல்லை, கோபுரம் இல்லை, 24 கடையும் தேவையில்லை. இதை விட்டுவிட்டு எதற்கு ஒரு நிலையம்?

கடல்முகவீதி:
தங்கச்சி, உங்கள் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் யூடியூப் தன் விளம்பர வருமானத்தில் 100க்கு 45 எடுக்கிறதே. தென்கடல் அண்ணை சொன்ன பாதிப் பங்குக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு கேட்டால் காணொளியின் சத்தத்தையே முடக்கிவிடவும் செய்வார்கள். நேரே போய் முறையிட ஒரு கதவுகூட இங்கே இல்லை. நகரசபைக் கூட்டத்தை யார் நேரலை போடுகிறார்கள்? அதற்கு உபயகாரர் கிடையாது.

லைவ் பிள்ளை:
நகரசபைக் கூட்டத்தை உங்கள் நிலையம் போட்டால் அந்த இடைவேளையில் விளம்பரம் தர எந்தக் கடை வரும் என்று முதலில் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:
கடைக்காரன் நான் ஒருத்தன் இங்கே இருக்கிறேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெருநாளுக்கு முன்னால் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி மூதூர் வரைக்கும் விடுகிறேன். பேஸ்புக்கிலும் போடுகிறேன், ஊரைக் குறித்துக் கொடுத்தால் அந்த ஊருக்கு மட்டும் போகிறது. இரண்டும் மலிவு. ஆனால் கல்யாணச் சேலை எடுக்க வருவது பெண்ணின் உம்மாவும் பெரியம்மாவும். அவர்கள் போன் பார்ப்பதை விட டீவி பார்ப்பது கூட. அதனால் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது.
ஒன்று மட்டும் தம்பிக்குத் தெரியவில்லை. கொழும்பு அலைவரிசையில் நான் போடுகிற விளம்பரத்தை வத்தளைக்காரன் பார்ப்பது வீண் இல்லை. எனக்குக் கடனுக்குச் சரக்குத் தருகிற கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரி பார்க்கிறார். "உங்கட விளம்பரம் போகுது போல" என்கிறார். அதோடு நான் காசு கட்டுகிற தவணை இரண்டு கிழமை நீளும். திருகோணமலை டீவியில் போட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?
சிங்களம் பேசுகிற கந்தளாய்ச் சனம் எனக்கு நல்ல வாடிக்கை. சிங்களத்தில் ஒரு மணி நேரம் என்பது போதாது.

பழைய எடிட்டர்:
நானா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். விளம்பரத் துறையில் இருந்த யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.
கோபுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே தனியார் தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ்தான் உரிமம். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறும்போது ஜப்பான் முறைதான் என்று 2014இலேயே முடிவாகிவிட்டது. ஆகவே இன்றைக்கு அனலொக் டிரான்ஸ்மிட்டர் வாங்குகிறவன் பழைய இரும்பு வாங்குகிறான். டிஜிட்டல் ஒழுங்காக வந்தால் ஒரே டிரான்ஸ்மிட்டரில் பல அலைவரிசை போகும், அதில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதுவரை பொறு.

கடல்முகவீதி:
டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிற ஒரு அலைவரிசையில் தினமும் ஒரு மணி நேரம் எயார்டைம், அதாவது ஒளிபரப்பு நேரம், வாங்குவோம். செய்தி 20 நிமிடம், மீன் விலை, மரண அறிவித்தல், மிச்சம் லைவ் பிள்ளை எடுக்கிற காட்சிகள். அவருக்குக் காசு கொடுத்துத்தான்.

பழைய எடிட்டர்:
எயார்டைம் காசு முன்பணம். ஸ்பொட் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் முதலாம் திகதி கட்ட வேண்டும். கடைக்காரர் உனக்குத் தருவது மூன்று மாதம் கழித்து. நடுவில் உள்ள காசை யார் போடுவது? எனக்குத் தெரிந்து சின்ன நிகழ்ச்சிக்காரர்கள் விழுந்தது எல்லாம் அந்த இடைவெளியில்தான். நிகழ்ச்சி மோசம் என்று யாரும் விழவில்லை.

தென்கடல்:
வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் பங்கு போடலாம். லாபம் எதிர்பார்க்கவில்லை.

பழைய எடிட்டர்:
லாபம் வேண்டாம் என்கிற முதலாளி இரண்டாம் வருசம் செய்தியில் கை வைப்பார். காசு போட்டவரின் பிறந்தநாள் தலைப்புச் செய்தியாகும். கடைக்காரரிடமே வாங்கு.

கடல்முகவீதி:
சரி, கேட்டே விடுகிறேன். நானா, ஆறு மாதத்துக்குத் தினமும் இரண்டு ஸ்பொட். பாதிக் காசு முன்னால். எழுத்தில் தருவீர்களா?

கிண்ணியா நானா:
தம்பி, ஆறு மாதம் எல்லாம் இப்போதே சொல்ல முடியாது. பெருநாளுக்கு முன்னால் பத்து நாள் போடுங்கள், இன்ஷா அல்லாஹ். காசு அறுபது நாள் தவணையில்.