மறு: 'ஃபில்லிங்' – தமிழில் 'பல்லடை' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பல்லில் பள்ளம் விழுந்த இடத்தை அடைத்து வைக்கும் 'ஃபில்லிங்'குக்குத் தமிழ்ச்சொல்லாக மதுரை நண்பர் முன்வைத்த 'பற்குழி நிரப்பி', அதற்கு மாற்றாக வந்த 'பற்சொத்தை அடைப்பான்' இரண்டையும் படித்தேன். பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டையுமே ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

முதலில் 'நிரப்பி'. இன்று பல்லின் நிறத்திலேயே வைக்கிறோமே, அந்தப் பிசின் வகைக்குள்ளேயே ஒரு நிரப்பி இருக்கிறது. வெறும் பிசின் மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது, இறுகும்போது அதிகம் சுருங்கும். அதனால் மிக நுண்ணிய கண்ணாடித் துகள், சிலிக்காத் துகள் எல்லாம் அதில் கலக்கிறார்கள். எடையில் பார்த்தால் பிசினைவிடத் துகள்தான் அதிகம். பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக் தொழில்களிலும் இப்படிக் கலக்கும் துகளுக்கு 'நிரப்பி' என்பதே பொருத்தமான சொல். பல்லில் வைப்பதற்கும் அதையே கொடுத்துவிட்டால் 'நிரப்பியில் உள்ள நிரப்பியின் அளவு' என்று எழுத வேண்டிவரும்.

'அடைப்பான்' என்றால் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் நோய். தடுப்பூசி அறிவிப்புகளிலேயே அந்தப் பெயர்தான் வருகிறது. 'அடைப்பு' என்று சுருக்கினாலும் சிக்கல் தீராது. மூக்கடைப்பு, மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு என்று மருத்துவத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் நோய்தான். 'பல்லில் அடைப்பு உள்ளது' என்று சீட்டில் எழுதினால், சிகிச்சை முடிந்ததா, இனிமேல்தான் செய்ய வேண்டுமா என்றே விளங்காது.

இதைவிட முக்கியமானது, சொல்லின் தலையில் 'குழி', 'சொத்தை' என்று வைப்பது. சொத்தை என்பது நோய். குழி அதன் பிந்தைய நிலை. நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால், பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். முதலில் தெரிவது சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதுவும் சொத்தையே, ஆனால் குழி விழவில்லை. ஃபுளூரைடு பூசி, இனிப்பு தின்னும் தடவைகளைக் குறைத்து, ஒழுங்காகத் துலக்கினால் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். அடைக்க வேண்டியதே இல்லை. இன்னொரு பக்கம், பிரஷ்ஷை அழுத்தி வருடக்கணக்காகத் தேய்த்து, ஈறோரம் ஆப்பு வெட்டினாற்போல் பள்ளம் விழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடித்துப்போவார்கள். அங்கே சொத்தை துளியும் இல்லை, ஆனாலும் அடைக்கிறோம். நோயின் பெயரைச் சிகிச்சையின் பெயரில் ஒட்டிவிட்டால் இந்த இரண்டு பேருக்குமே தவறான செய்தி போகும்.

சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள்? "கடவாப்பல்லை அடைக்கணும் டாக்டர்." "போன வருஷம் அடைச்சது விழுந்துடுச்சு." "அடைச்ச எடத்துல நாக்கு உரசுது." வினைச்சொல் பிசிறில்லாமல் இருக்கிறது. குறை பெயர்ச்சொல்லில்தான், 'அடைச்சது' என்று சமாளிக்கிறார்கள். ஆகவே நாம் புதிதாகத் தேட வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான்.

என் பரிந்துரை 'பல்லடை'. முதனிலையே, அதாவது வினையின் வேரே, பெயராக நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. தேனடை இருக்கிறது. செருப்பில் சேறு அடையடையாக ஒட்டியிருக்கிறது என்கிறோம். ஓரிடத்தில் திரண்டு, படிந்து, இறுகியது என்ற பொருள் அதிலேயே கிடக்கிறது. செயலுக்குப் பல் அடைத்தல், டப்பாவில் இருக்கும் சரக்குக்கு அடைபொருள், பல்லில் இறுகி நிற்பதற்குப் பல்லடை. ஆங்கிலத்தில் 'ஃபில்லிங்' என்ற ஒரே சொல் செயலுக்கும் பொருளுக்குமாக இரண்டு வேலை பார்க்கிறது. நாம் பிரித்தே சொல்லலாம். 'பழைய பல்லடையின் விளிம்பு பெயர்ந்துள்ளது', 'பல்லடைக்கு அடியில் மீண்டும் சொத்தை' என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. தோசைக்கல்லில் வார்க்கும் அடை நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். தேனடை, வினையடை எதிலும் அந்தக் குழப்பம் வரவில்லை.

'சிமெண்ட்' என்றே விட்டுவிடலாமே என்று கேட்டவருக்கு: அந்தப் பெயரில் மருத்துவமனையில் வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. துத்தநாக ஆக்சைடைக் கிராம்பு எண்ணெயின் யூஜெனாலோடு குழைத்து வைப்பது ஒன்று, அது தற்காலிகம். ஃபுளூரைடைக் கசியவிடும் கண்ணாடி அயனோமர் இன்னொன்று. பல்லுக்கு மேல் போடும் தொப்பியை ஒட்டும் பசையும் சிமெண்ட்தான். இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல. யூஜெனால் மிச்சமிருந்தால் அதன்மேல் வைக்கும் பிசின் சரியாக இறுகாது. "வேற ஊர்ல சிமெண்ட் வெச்சாங்க" என்று ஒருவர் வந்து சொன்னால், என்ன வைத்தார்கள் என்று சுரண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைத் தமிழாக்கிப் 'பற்காரை' என்பதும் கூடாது. பல்லின் மேல் கல்போல் இறுகும் படிவுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது.

பொருளை வைத்துப் பெயரிட்டால் பொருள் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். ஜெர்மன் பேச்சுவழக்கில் இதற்குப் 'பிளோம்ப' என்று பெயர். லத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஈயம் வைத்த காலம் மலையேறிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. நம் ஊரில் 'வெள்ளி அடைக்கிறது' என்கிறார்களே, அந்த ரசக்கலவையில் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மற்றப் பாதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து, தவிர்க்க முடியாத சில மருத்துவத் தேவைகள் தவிர, பல்லில் அதை வைப்பதை நிறுத்திவிட்டது.

வேலை செய்யும் விதமும் மாறிவிட்டது. ரசக்கலவை பல்லோடு ஒட்டாது. வாய் குறுகி உள்ளே அகன்ற பானைபோல் குழியைச் செதுக்கினால்தான் பிடித்து நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க நேர்ந்தது. 1955இல் மைக்கேல் புனகோர் என்ற அமெரிக்கர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். இன்று அமிலம் தடவி, கழுவி, பசை பூசி, சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பிசினை வைத்து நீல ஒளியில் இறுக்குகிறோம். 'பல்லடை' என்ற பெயர் இரண்டு முறைக்கும் பொருந்தும். வகை சொல்ல வேண்டுமானால் முன்னொட்டுப் போதும்: பிசினடை, தற்காலிக அடை. ரசக்கலவைக்கு மட்டும் கவனம் தேவை. 'இரச' என்று சுருக்கிப் புணர்த்தினால் 'இரசவடை' ஆகிவிடும். ஆகவே 'ரசக்கலவை அடை' என்று பிரித்தே எழுதுவோம்.

இந்தச் சொல் எல்லாவற்றையும் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்து முன்பல் முனை உடைந்தால் பிசினால் வளர்த்துக் கட்டுகிறோம். அதை அடை என்பது பொருந்தாது. 'பல் கட்டுதல்' என்றால் செயற்கைப் பல் வைப்பது என்று ஆகிவிட்டதால் அதுவும் உதவாது. 'முனை வளர்த்தல்' எனலாமா? தொப்பி, அடை, முனை வளர்த்தல் அனைத்துக்கும் பொதுவாகப் 'பல் சீரமைப்பு' என்பதை வைத்துக்கொள்ளலாம். வேர்ச் சிகிச்சையில் குழலுக்குள் கட்டபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைப்பதற்கு 'வேர்க்குழல் நிரப்பல்' என்பதே நல்லது. அங்கே 'அடை' வேண்டாம்.

இரண்டு விஷயம் உங்களிடமிருந்து வேண்டும். ஆழமான குழியில், நரம்புக்கு அருகே, அடை வைப்பதற்கு முன் கால்சியம் ஹைட்ராக்சைடை மெல்லியதாகப் பூசுவோம். அதற்கு 'அடிப்பூச்சு' என்று எழுதிவருகிறேன். கட்டடக்காரர்கள் இதே சொல்லை வேறு பொருளில் ஆளுகிறார்கள் என்றால் மாற்றிவிடலாம். யாழ்ப்பாணத்து அக்கா, சூத்தைப் பல்லை அடைத்த பிறகு அதை அங்கே கிளினிக்கில் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே ஒரு பெயர்ச்சொல் புழக்கத்தில் இருந்தால் 'பல்லடை'யைக் கைவிட்டு அதையே எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அன்புடன்